சாப்பாட்டு நேரத்தில் யாரும் வரக் கூடாது

என் அம்மாவுக்கு இன்னொருத்தி சோறு ஊட்டுவதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்திருக்கிறது. ஒரு நாள், இரண்டு நாள் கதை இல்லை. அந்த முதியோர் இல்லத்தில் நான் பொறுப்பாளராக வேலைக்குச் சேர்ந்த பிறகு தினமும் எரிந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், ஊட்டுகிறவளை வேலைக்கு எடுத்ததும் நான்தான்.

இல்லம் சென்னைக்கு வெளியே, குத்தம்பாக்கத்துக்குச் சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. சர்ச்சோடு தொடர்புள்ள ஒரு டிரஸ்ட் நடத்துவது. பக்கவாதம் வந்து அம்மாவின் வலது கை சரியாக எழும்பாமல் போய், ஞாபகமும் முன்னும் பின்னுமாகப் போக ஆரம்பித்தபோது, ஐயப்பன்தாங்கல் பிளாட்டில் பகல் முழுவதும் அவளைத் தனியாக விட முடியவில்லை. என் கணவர் காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். நான் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தேன். வேறு வழியில்லாமல் அம்மாவை இல்லத்தில் சேர்த்தேன். சேர்த்த கொஞ்ச நாளில் அங்கே பொறுப்பாளர் வேலை காலியாக, என் வேலையை விட்டுவிட்டு அதில் போய் உட்கார்ந்துகொண்டேன். பெற்றவளைக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் யாரும் பேசிவிடக் கூடாதல்லவா. நானும் கூடவே போய்விட்டேன், இப்போது பேசுங்கள் பார்ப்போம் என்று ஒரு வீம்பு.

எனக்குக் கொடுத்த முக்கியமான வேலை ஒன்றுதான். ஆட்களை ஓடிவிடாமல் நிற்க வைக்க வேண்டும். முதியோர் இல்லத்தில் வேலைக்கு ஆள் கிடைப்பதே பெரும்பாடு, கிடைத்தவர்கள் தங்குவது அதைவிடப் பெரும்பாடு. படுத்த படுக்கையாக இருப்பவர்களைத் தூக்கிப் புரட்ட வேண்டும், டயப்பர் மாற்ற வேண்டும், திட்டு வாங்க வேண்டும், சில சமயம் அடியும் வாங்க வேண்டும். பத்து நாள் பார்த்துவிட்டு, பூந்தமல்லியில் துணிக்கடையில் நின்றுகொண்டே இருக்கிற வேலை எவ்வளவோ மேல் என்று போய்விடுவார்கள். போகிறவர்கள் சொல்லிவிட்டும் போக மாட்டார்கள். போன் அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க மாட்டார்கள்.

அப்படிப்பட்ட இடத்தில், அம்மாவுக்கு ஊட்டுகிற இவள் நிலைத்து நின்றாள். பூந்தமல்லிக்காரி. என்னைவிட நாலைந்து வயது இளையவள். படுத்துக் கிடந்த மாமியாரை வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்ட அனுபவம் தவிர வேறு படிப்பு கிடையாது. டிரஸ்ட் செலவில் நடந்த பயிற்சிக்கு அனுப்பினேன். தூக்குவது எப்படி, தொண்டையில் அடைக்காமல் ஊட்டுவது எப்படி என்று எல்லாம் கற்றுக்கொண்டு வந்தாள். கற்றுக்கொண்டதை நர்ஸ் மாதிரி அடக்கமாகச் செய்வாளா என்றால், அதுதான் இல்லை. அவள் வேலை செய்யும் மாடியில் சந்தை மாதிரி சத்தம் கேட்கும்.

"இன்னாம்மா, நேத்து பூரா தூங்கிகினு கீற, இன்னைக்கி மூஞ்சி பளபளன்னு கீது? சினிமால நடிக்கப் போறியா?"

இது என் அம்மாவைப் பார்த்து. அம்மா என்ன செய்வாள் தெரியுமா? சிரிப்பாள். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டாலும் தோள் குலுங்கச் சிரிப்பாள். "போடி இவளே, உன்ன வெச்சே படம் எடுப்பாங்க, கெய்வி வேஷத்துல" என்று திருப்பிக் கொடுப்பாள்.

இதைக் கேட்டால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரணம் இருக்கிறது. அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஏற்றுமதி துணி கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்தவள். தையல் மெஷின் வரிசை ஒன்றும் அதில் உட்கார்ந்த பெண்களும் அவள் பொறுப்பு. அங்கே அவள் பேசிய பேச்சு வேறு, ஆவடியில் எங்கள் வீட்டில் பேசிய பேச்சு வேறு. நான் எப்போதாவது தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து "இன்னா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், "கான்வென்ட்ல படிக்கிற பொண்ணு பேசுற பேச்சா இது?" என்று வாயைக் கிள்ளுவாள். லைனில் இருந்த பெண்களுக்கு மட்டும் அந்தக் கேலியும் சிரிப்பும். கிறிஸ்துமஸ் சமயத்தில் அவர்கள் கூட்டமாக எங்கள் வீட்டுக்கு வரும்போதுதான் எனக்கே தெரியும், என் அம்மா இவ்வளவு சத்தமாகச் சிரிப்பாள் என்று. நான் கேக் தட்டை ஏந்திக்கொண்டு சமையலறை வாசலில் நின்று அவர்கள் ஒவ்வொருத்தியையும் மனதுக்குள் திட்டிக்கொண்டிருப்பேன். அந்தப் பெண்கள் எல்லாம் கல்யாணமாகி எங்கெங்கோ போய்விட்டார்கள், ஒழிந்தது என்று பார்த்தால், கடைசியில் அவர்களைப் போலவே ஒருத்தியை நானே தேடிப் பிடித்து வேலைக்கு எடுத்து அம்மாவின் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறேன்.

பேச்சு போகட்டும். சாப்பாடுதான் என்னால் தாங்க முடியாதது.

மதியம் குழைத்த சோற்றில் ரசமோ பருப்போ விட்டு, மீன் இருந்தால் முள் எடுத்துப் பிசைந்து, கட்டிலில் நிமிர்த்தி உட்கார வைத்து அவள் ஊட்டுவாள். அம்மா பாதி வாங்கிக்கொண்டு, இடது கையால் தட்டிலிருந்து ஒரு துண்டு மீனை எடுத்து அவள் பக்கம் நீட்டுவாள். "நீ துன்னியா? துன்னு மொதல்ல." அவள் மாஸ்க்கை இறக்கி, வாங்கி வாயில் போட்டுக்கொள்வாள். இல்லத்து விதிப்படி அது கூடாது. நான் கண்டித்திருக்க வேண்டும். கண்டித்தால் விதிக்காகக் கண்டிக்கிறேனா, வயிற்றெரிச்சலில் கண்டிக்கிறேனா என்று அவள் கண்டுபிடித்துவிடுவாளே என்று பேசாமல் இருந்தேன்.

நான் உள்ளே போனால் என்ன நடக்கும் என்பதையும் சொல்கிறேன். நான் காலடி எடுத்து வைத்ததும் அம்மாவின் இடது கை தட்டின் மேல் குடை மாதிரி கவிந்துகொள்ளும். வாய் இறுகிவிடும். "மூடு மூடு, வந்தாச்சு" என்று அவளிடம் கிசுகிசுப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, நான் தரேன்மா, ஒரு வாய்" என்று கரண்டியை எடுத்தால் தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். "போதும். வயிறு நெறைஞ்சிடுச்சு." தட்டில் முக்கால்வாசி அப்படியே இருக்கும். நான் வெளியே வந்து கதவுக்குப் பின்னால் நிற்பேன். உள்ளே மறுபடி சிரிப்பு கேட்கும், மறுபடி சோறு இறங்கும்.

அம்மாவுக்காக வேலையை விட்டேன். இவளுக்காக பூந்தமல்லி மெட்ரோ வேலை நடக்கிற தூசியில் தினமும் போய் வருகிறேன். ஒரு வாய் என் கையால் வாங்கினால் குறைந்தா போய்விடுவாள்? வராந்தாவில் நின்று எனக்குக் கண்ணீர் வந்திருக்கிறது. துக்கத்தில் வந்த கண்ணீர் என்று சொன்னால் அது பொய். ஆத்திரம்.

ஒரு நாள் அப்படி நின்றதை அவள் பார்த்துவிட்டாள். தட்டைக் கழுவ எடுத்துக்கொண்டு வந்தவள் என் எதிரில் நின்றாள்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. அம்மா ஒங்கள கம்பெனி மேனேஜர்னு நெனச்சிகினு கீறாங்க. கழுத்துல கார்டு, கைல பைலு, ஷூ சத்தம். அங்கயும் மேனேஜர் வந்தா டிபன் டப்பாவ மூடிடுவாங்களாம். அவங்களே சொன்னாங்க. ஒங்க மேல கோவம்லாம் ஒண்ணும் இல்ல."

அப்பாடா, என்ன ஒரு நிம்மதி! உண்மைதான். அந்தக் கம்பெனியில் உற்பத்தி மேனேஜர் சாப்பாட்டுக் கூடம் வழியாக நடந்தால் பெண்கள் பாதிச் சாப்பாட்டில் டப்பாவை மூடிவிட்டு எழுந்துகொள்வார்கள் என்று அம்மா சொல்லி நானும் கேட்டிருக்கிறேன். அம்மாவின் புத்தி அங்கேயே நின்றுவிட்டது, அவ்வளவுதான். நான் மகளாகப் போகவில்லை, மேனேஜராகத்தான் போயிருக்கிறேன். மறுநாள் கார்டைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் செருப்போடு போனேன். அப்போதும் தட்டு மூடிக்கொண்டது. முகம் பழகிவிட்டது போல, கார்டு இல்லாவிட்டாலும் மேனேஜர் மேனேஜர்தானே என்று சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் அந்தச் சமாதானத்தையும் அவள்தான் எனக்குக் கொடுக்க வேண்டியிருந்தது என்பதில் மறுபடி புகைந்தது.

இந்த நிலைமையில்தான் அவள் வேலையை விடப் போவதாகச் சேதி வந்தது. ஐயப்பன்தாங்கலில், எங்கள் பிளாட்டுக்கு நாலு தெரு தள்ளி, ஐடியில் வேலை செய்யும் ஒரு தம்பதி. மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் வீட்டில் ஒரே ஒரு பெரியவர். அவரைப் பகலில் பார்த்துக்கொண்டால் போதும், சம்பளமும் இங்கே தருவதைவிட மேல். யாராக இருந்தாலும் போவார்கள்.

டிரஸ்ட் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். ரிட்டயர் ஆன தலைமையாசிரியர், பொறுமையான மனிதர். அன்று அவருக்கே பொறுமை இல்லை. "அந்தப் பொண்ணு போனா பின்னாடியே இன்னும் ரெண்டு மூணு பேர் போவாங்கம்மா. மேல் மாடிய மூடிட வேண்டியதுதான். என்ன கேட்டாலும் குடுங்க. எப்படியாவது நிக்க வையுங்க."

சரி சார் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். மனதுக்குள் என்ன ஓடியது என்று சொல்லவே வேண்டாம். போகட்டுமே! அவள் போனால் அம்மாவுக்குப் பசிக்காதா? பசித்தால் யார் கையில் வாங்குவாள்? 'எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன் சார், கேட்கவில்லை' என்று செயலாளரிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தைக்கூட வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கச்சிதமாக வந்தது.

அவளை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். பாதி மனதோடுதான் கேட்டேன். "என்னம்மா, போறியாமே? சம்பளம் கூட்டித் தரச் சொல்றாங்க."

"சம்பளம் குடுத்தா வாங்கிப்பேன் மேடம், வேணாம்னு சொல்வனா? ஆனா அதுக்காகப் போகல." காலை மடக்கி வசதியாக உட்கார்ந்துகொண்டாள். "சாப்பாட்டு நேரத்துல சொந்தக்காரங்க வந்துட்றாங்க. ஊட்டிகினு இருக்கும்போதே பின்னாடி நின்னுகினு, இன்னும் ரெண்டு வாய் போடு, ஏன் வேகமா ஊட்ற, ஏன் மெதுவா ஊட்றன்னு. பெருசுங்க அவங்களப் பாத்துகினே முழுங்குது, பொரை ஏறுது. ஏறினா யாரக் கேக்கறாங்க? எங்களத்தான். போன வாரம் கீழ ஒரு பொண்ண, அது ஊட்ற தாத்தாவோட புள்ள கை நீட்டிப் பேசினாரு. அது அழுதுகினே ஊட்டுச்சு. இதெல்லாம் முடிஞ்சி நாங்க துன்ன ஒக்காந்தா சோறு காஞ்சி கீது. அந்த ஒரு நேரம் எங்க கைல வுட்டுடுங்க மேடம். கதவ சாத்திட்டு நாங்க பாத்துக்கறோம். நான் எங்கியும் போகல."

இதில் மறுக்க என்ன இருக்கிறது? எனக்கு எரிச்சலே அதுதான், மறுக்க ஒன்றுமே இல்லை. பழைய கம்பெனியில் வேலையை விட்டுப் போகிறவர்களிடம் காரணம் கேட்பதுதான் என் பிழைப்பு. இவ்வளவு நேராக யாரும் சொன்னதில்லை.

"சரி, வெளியில எழுதிப் போட்டுடலாம். சாப்பாட்டு நேரத்துல சொந்தக்காரங்க யாரும் வரக் கூடாதுன்னு."

"யாருமே மேடம்."

"யாருமேதான் சொல்றேன்."

அவள் எழுந்திருக்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் மேஜைக் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். "நீங்களும்தான் மேடம். அம்மா எளைச்சிட்டாங்க."

என் அம்மா இளைத்ததை எனக்குச் சொல்ல இவள் யார் என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. சொன்னால் அவள் போய்விடுவாள், நான் வேண்டிக்கொண்டதும் அதுதான். ஆனாலும் அம்மாவின் மணிக்கட்டு ஞாபகத்துக்கு வந்தது. வளையல் முழங்கை வரைக்கும் ஏறிக்கொள்கிற அளவுக்கு மெலிந்துவிட்ட கை. சரி என்று சொல்லிவிட்டேன்.

வாசலில் எழுதிப் போட்டோம். முதல் வாரம் சொந்தக்காரர்கள் குதித்தார்கள். கை நீட்டிப் பேசிய பிள்ளை, "எங்கப்பாவ பாக்க எனக்கே பர்மிஷனா?" என்று என்னிடம் கத்தினார். "எனக்கே இல்ல சார், எங்கம்மாவும் உள்ளதான் இருக்காங்க" என்று நான் சொன்னதும் அடங்கிவிட்டார். என் வயிற்றெரிச்சல் நிர்வாகத்துக்கு இப்படி ஒரு வகையில் உதவியது. புரையேறுவது குறைந்தது. பெண்கள் சுடச்சுடச் சாப்பிட்டார்கள். போனை எடுக்காமல் ஓடிப்போன ஒருத்தி, அவளாகவே போன் செய்து திரும்பி வரலாமா என்று கேட்டாள். செயலாளர் ஒரு கூட்டம் வைத்துப் பூந்தமல்லிக்காரிக்குப் பொன்னாடை போர்த்தினார். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். அம்மாவைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்திருந்தார்கள். ஒரு கையால் தட்ட முடியாமல் தொடையில் படபடவென்று தட்டிக்கொண்டிருந்தாள். நான் ஸ்கூலில் பரிசு வாங்கிய நாட்களில் அம்மாவுக்கு ஓவர்டைம் இருக்கும், வர மாட்டாள்.

மதிய வேளையில் கீழே என் அறையில் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு மேலே காது கொடுப்பேன். கதவு சாத்தியிருந்தாலும் அந்தச் சிரிப்பு இறங்கி வரும். என்னால் சாப்பிட முடியாது. அம்மா சதை பிடித்துவிட்டாள், முகம் தெளிந்துவிட்டது, டாக்டர் பாராட்டினார். எல்லாம் நல்லதுக்குத்தான். அந்த நல்லதில் எனக்குப் பங்கே இல்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

பிறகு மழை வந்தது. எங்கள் பக்கத்து மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பூந்தமல்லி சாலையில் முழங்கால் தண்ணீர், பஸ் ஓடவில்லை. என்னை என் கணவர் எப்படியோ காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். பகல் வேலைக்கு வர வேண்டியவர்களில் பாதிப் பேர் வரவில்லை. பூந்தமல்லிக்காரி போன் செய்தாள். "ஊட்டுக்குள்ளயே தண்ணி மேடம். கட்டில் மேல ஒக்காந்துகினு கீறோம். அம்மாக்கு யாராச்சும் நல்லா பெசஞ்சி குடுக்கச் சொல்லுங்க."

யாராவது என்றால் யார்? வந்திருந்த பெண்களுக்கு ஆளுக்கு இரண்டு மடங்கு வேலை. விதியை உடைக்க எனக்கு அதைவிட நல்ல காரணம் கிடைக்கப் போவதில்லை. புடவை நனைந்திருந்தது. பணிப்பெண்கள் போடும் நீலக் கோட்டு ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டேன். தலைமுடியும் நனைந்திருந்ததால் அவர்களைப் போலவே தொப்பிக்குள் சுருட்டிக்கொண்டு, மாஸ்க்கும் போட்டுக்கொண்டேன். மதியம் தட்டோடு மேலே போனேன். கதவைத் திறக்கும்போது எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்ட விதம், பெண் பார்க்க வந்தபோதுகூட அப்படி அடித்துக்கொள்ளவில்லை.

அம்மா பார்த்தாள். கை தட்டின் மேல் கவியவில்லை.

"புதுசா?"

என் குரல் காட்டிக்கொடுத்துவிடுமே என்று பயமாக இருந்தது. வேறு வழி தெரியாமல், வாயைக் கிள்ளி மறக்கடித்த பேச்சை எடுத்தேன். "ஆமாம்மா. மழைல அவங்க வரல. நான் வந்துகீறேன். சாப்டலாமா?"

"ஒக்காரு ஒக்காரு. பயப்படாத." புதிதாக வந்த தையல்காரப் பெண்ணிடம் சொல்வது போலச் சொன்னாள்.

பிசைந்து ஊட்டினேன். வாங்கினாள்! என் கையால், ஒரு வாய், இன்னொரு வாய். கோணிய பக்கத்தில் பருப்புச் சோறு வழிந்து தாடையில் ஒழுகியது. அவள் பதறவில்லை, நான் துடைக்கும்வரை முகத்தைக் காட்டிக்கொண்டு இருந்தாள். ஜெயித்துவிட்டேன் என்று இருந்தது எனக்கு. பூந்தமல்லியில் கட்டில் மேல் உட்கார்ந்திருப்பவளை நினைத்து, பாவம் என்றுகூடத் தோன்றவில்லை, பார்த்தாயா என்றுதான் தோன்றியது. அம்மா இடது கையால் தட்டிலிருந்து கொஞ்சம் சோறு எடுத்து என் பக்கம் நீட்டினாள். மாஸ்க்கை இறக்கினால் முகம் தெரிந்துவிடும். "அப்பறம் துன்றேன்மா" என்றேன். அதை மட்டும் வாங்க முடியாமல் போயிற்று.

தட்டு பாதி காலியானபோது அம்மா கதவுப் பக்கம் பார்த்தாள். "மேனேஜர் வர்றாங்களா?" என்று நான் கேட்டேன்.

"எந்த மேனேஜர்?" அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "என் பொண்ணு. கீழ ஆபீஸ்ல கீறா. எனக்காகப் பெரிய வேலைய வுட்டுட்டு வந்தவ."

எனக்குக் கை நின்றுவிட்டது.

"நல்லவ. ஆனா அவ மின்னாடி எனக்கு சோறு எறங்காது. இத்தோ இப்டி ஒழுவுது பாரு, இத்தப் பாத்தா அவ மூஞ்சி வாடிப்பூடும். என்னிய அப்டி அவ பாக்கக் கூடாது." என் கையிலிருந்த தட்டை விரலால் தட்டினாள். "இன்னா ஒக்காந்துகினு கீற? குடு குடு. அவ வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்."

நான் மீதியை வேகமாக ஊட்டினேன்.